பேடின் அளவை எந்த இடத்தில் மட்டந்தட்டுவது?

மின்சுற்றுப் பலகையில் ஒரு சிப்பின் கால்கள் உட்காரும் செம்புத் திட்டுகள்தான் பேடுகள்; அவற்றின் அமைப்புப் படம் ஃபுட்பிரிண்ட். அதை வரையத் திருத்தி மென்பொருளைத் திறந்தவுடன் பலரும் முதலில் கை வைப்பது கிரிட் அமைப்பில், அதாவது சுட்டி ஒட்டி நிற்கும் கட்டங்களின் அளவில்தான். 0.1 மில்லிமீற்றரா, 0.05 ஆ, அல்லது பழைய வழக்கப்படி 25 மில்லா (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, சிப்பைச் செய்தவர் தரும் தரவுத்தாளில் இருக்கும் எல்லா அளவுகளையும் அந்தக் கட்டங்களுக்குள் கொண்டுவந்து அடைத்துவிடுகிறார்கள். என் வழக்கம் இதற்கு நேர்மாறானது. கிரிட் என்பது சுட்டியைப் பிடிக்கும் கைக்கு வசதியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. பேடின் இடமும் அளவும் கணக்கிலிருந்து வரவேண்டியவை. மட்டந்தட்டலோ, அதாவது எண்ணை அருகிலுள்ள படிக்குக் கொண்டுவருவதோ, அந்தக் கணக்கின் கடைசிப் படியில், ஒரே ஒரு தடவை, அதற்குரிய எண்ணின் மீது மட்டும் செய்யப்படவேண்டியது. கீழே அலகு குறிப்பிடாத எண்கள் எல்லாம் மில்லிமீற்றரில் உள்ளவை.

நான் ஹட்டனில் இருந்துகொண்டு, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான சிறிய அளவீட்டுப் பலகைகளை வடிவமைக்கிறேன். கொழுந்தைப் பரப்பி வாட்டுகின்ற நீண்ட தொட்டிகளின் அருகே உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பநிலைகளை அளந்து, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரின் கண்ணில் படும்படி காட்டுவதுதான் அவற்றுள் பெரும்பாலானவற்றின் வேலை. வெற்றுப் பலகைகள் சீனாவிலிருந்து வருகின்றன. சிப்புகளில் சிலவற்றைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குகிறேன், மீதியைத் தபாலில் வரவழைக்கிறேன். சோல்டர் செய்வது இங்கேயே, உருப்பெருக்கிக்குக் கீழே, கையால். பிழையான ஒரு பேடுக்காகப் புதிய பலகை வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஊரில் இருப்பவனுக்கு, கோப்பை அனுப்புமுன் ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை சந்தேகிப்பது தானாகவே பழகிவிடும்.

முதலில் கால்களுக்கு இடையிலான இடைவெளியை, அதாவது பிட்ச்சை எடுத்துக்கொள்வோம். இதை எக்காரணம் கொண்டும் மட்டந்தட்டக் கூடாது. பிட்ச்சில் விடும் சிறு வழு அந்த ஒரு காலோடு நிற்காமல், வரிசையில் அடுத்தடுத்த ஒவ்வொரு காலிலும் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அங்குலம் மிகச்சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று 1959 இல் நாடுகள் உடன்பட்டதிலிருந்து ஒரு மில் 0.0254 ஆக நிலைத்துவிட்டது. 0.5 பிட்ச் கொண்ட சிப்பை மில்லில் வரைபவர் அதை 20 மில் என்று எழுதினால் கிடைப்பது 0.508. நான்கு பக்கமும் கால்கள் கொண்ட எல்கியூஎஃப்பி-48 என்ற சிப் உறையில் ஒரு பக்கத்துக்கு 12 கால்கள், 11 இடைவெளிகள். மொத்த வழு 0.088. வரிசையை நடுவில் பொருத்தி வைத்தால் இரண்டு கோடிகளிலும் 0.044 வீதம் பிரிந்துபோகும். காலின் அகலம் 0.22, பேடின் அகலம் 0.30 என்றால் ஒவ்வொரு பக்கமும் இருக்கும் விளிம்பு 0.04 தானே, ஆகவே கோடியில் உள்ள கால் பேடின் ஓரத்தைத் தொட்டபடி உட்கார்ந்துவிடும், ஈயமும் (சோல்டரும்) பிடித்துவிடும். அதே 20 மில்லை எல்கியூஎஃப்பி-100 இல் போட்டுப் பார்த்தால் 25 கால்கள், 24 இடைவெளிகள், மொத்த வழு 0.192, கோடியில் 0.096. இப்போது கால், பேடை விட்டு 0.056 வெளியே, பக்கத்துப் பேடை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். சிறிய சிப்பில் தப்பித்துக்கொண்ட அமைப்பு பெரிய சிப்பில் காட்டிக்கொடுப்பதற்கு இதுதான் காரணம். “எனக்கு இதுவரை சரியாகத்தான் வந்தது” என்று சொல்பவர்களோடு நான் வாதிடாததற்கும் இதுவே காரணம், ஏனெனில் அவர்களுக்கு உண்மையிலேயே சரியாகத்தான் வந்திருக்கும்.

0.65 பிட்ச்சிலும் இதே கதைதான். அது 25.59 மில். நான் அதிகம் பயன்படுத்தும் மாக்ஸ்31865, அதாவது பிளாட்டின உணரியின் தடையை அளந்து எண்ணாக்கித் தரும் சிப், 20 கால்கள் கொண்ட எஸ்எஸ்ஓபி உறையில் கிடைக்கிறது. ஒரு பக்கம் 10 கால்கள், 9 இடைவெளிகள். முதல் பேடின் மையத்திலிருந்து கடைசிப் பேடின் மையம் வரை 5.85 இருக்கவேண்டும். 25 மில் என்று எழுதினால் 5.715, 26 மில் என்றால் 5.944.

பிட்ச்சைத் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டே அதைக் கெடுத்துவிடும் வழி ஒன்றும் உண்டு. எட்டுக் கால் எஸ்ஓஐசி சிப்பின் பிட்ச் 1.27. ஃபுட்பிரிண்டின் மூலப்புள்ளியை, அதாவது அளவுகள் தொடங்கும் புள்ளியை, உறையின் நடுவில் வைத்தால், ஒரு பக்கத்து நான்கு பேடுகளும் மையத்திலிருந்து ±0.635, ±1.905 என்ற இடங்களில் விழும். இவை 0.05 கிரிட்டிலும் இல்லை, 0.01 கிரிட்டிலும் இல்லை. ஒவ்வொரு பேடின் இடத்தையும் மென்பொருள் தனித்தனியாக 0.05 க்கு மட்டந்தட்டினால் 0.65, 1.90 என்று மாறி, நடு இடைவெளி 1.30 ஆகவும் இரு ஓர இடைவெளிகள் 1.25 ஆகவும் ஆகிவிடும். வழு சேர்ந்துகொண்டு போகவில்லை என்பது உண்மைதான், சிப்பும் உட்காரும். ஆனால் வரிசை சீரற்றுப் போகிறது, பின்னால் அளந்து பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே விளங்காது. எனவே பேட் இட மட்டந்தட்டல் என்று ஓர் அமைப்பு இருந்தால், வரிசையின் நீளப்பாட்டில் அதை அணைத்துவிடுங்கள், அல்லது 0.001 என்று கொடுங்கள். இரட்டை எண்ணிக்கையில் கால்கள் உள்ள 0.65 பிட்ச் சிப்புகளிலும் முதல் இடம் ±0.325 என்றுதான் வரும், அதற்கும் 0.005 இன் நுணுக்கம் வேண்டும்.

சரி, எதைத்தான் மட்டந்தட்டலாம்? ஐபிசி-7351 என்ற தரநூல், முதலில் 2005 இலும் இரண்டாம் திருத்தமாக 2010 இலும் வெளிவந்தது, பேடின் கணக்கை மூன்று எண்களாகத் தருகிறது. எதிரெதிர் பேடுகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையிலான வெளித்தூரம், உள்விளிம்புகளுக்கு இடையிலான உள்தூரம், பேடின் அகலம் ஆகியவையே அவை. ஒவ்வொன்றிலும் காலின் அளவு, ஈயம் படர்வதற்கு விடவேண்டிய இடம், அத்துடன் மூன்று விதத் தளர்வுகளின் (அளவு சற்று மாறக்கூடிய எல்லைகளின்) வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம் ஆகியவை சேர்கின்றன. அந்தத் தளர்வுகள், சிப்பைச் செய்தவரின் தளர்வு, பலகையைச் செய்தவரின் தளர்வு, சிப்பை வைப்பவரின் தளர்வு என்பன. இந்த மூன்று எண்களும்தான் மட்டந்தட்டலுக்கு உரியவை. பேடின் நீளமும் பேடின் மையமும் இவற்றிலிருந்து பிறகு பெறப்படுபவை.

எட்டுக் கால் எஸ்ஓஐசியையே எடுத்து இதைச் செய்து காட்டுகிறேன். கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனி வரை 5.80 முதல் 6.20 வரை, காலின் பதியும் நீளம் 0.40 முதல் 1.27 வரை, அகலம் 0.31 முதல் 0.51 வரை. பலகைத் தளர்வு 0.1, வைக்கும் தளர்வு 0.05 என்று கொள்கிறேன். நடுத்தர அடர்த்திக்கு, அதாவது பாகங்கள் மிதமாக நெருங்கியிருக்கும் பலகைக்கு, ஈயம் படர விடும் இடம் முன்பக்கத்தில் (கால் நுனிக்கு வெளியே) 0.35, குதிப்பக்கத்தில் (சிப்பை நோக்கிய பக்கம்) 0.35, பக்கவாட்டில் 0.03. கணக்கின்படி வெளித்தூரம் 6.915, உள்தூரம் 2.978, அகலம் 0.599. இவற்றை 0.05 க்கு மட்டந்தட்டினால் 6.90, 3.00, 0.60. அதிலிருந்து பேடின் நீளம் 1.95, மையம் நடுக்கோட்டிலிருந்து 2.475. கீகேட் என்ற பலகை வடிவமைப்பு மென்பொருளின் நூலகத்தில் இந்தச் சிப்புக்கு உள்ள பேடும் 1.95 க்கு 0.60, மையம் 2.475 தான்.

இனி வரிசையை மாற்றிச் செய்வோம். மட்டந்தட்டாத எண்களிலிருந்து முதலில் நீளத்தையும் மையத்தையும் கண்டுபிடித்தால் 1.969 உம் 2.473 உம் வரும். இவற்றை 0.05 க்குக் கொண்டுவந்தால் 1.95 உம் 2.45 உம் ஆகும். இப்போது வெளித்தூரத்தைத் திரும்பக் கணக்கிட்டால் 6.85. முன்பக்க ஈயத்துக்குக் கணக்கு கேட்ட இடத்தில் ஒவ்வொரு பக்கமும் 0.03 க்கு மேல் குறைந்துவிட்டது. சரியான வரிசையில் செய்தபோது குறைந்தது 0.008 கூட இல்லை. மட்டந்தட்டும் அலகு இரண்டிலும் 0.05 தான், எந்த எண்ணின் மேல் அதை வைத்தோம் என்பதில்தான் வேறுபாடு. 2.475 என்ற மையம் கிரிட்டில் விழவில்லையே என்று அதை 2.5 க்கோ 2.45 க்கோ இழுத்து வைக்கும் பழக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்கவேண்டும். கிரிட்டில் விழவேண்டியவை விளிம்புகள். மையம் எங்கே விழுந்தால் என்ன?

கையால் சோல்டர் செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு 0.35 போதாது. ஈயக்கோலின் நுனி பேடின் மேல் நிற்பதற்கு இடம் வேண்டும். ஆகவே நான், பாகங்களைத் தாராளமாக இடம்விட்டு வைக்கும் குறைந்த அடர்த்திக்குரிய 0.55 ஐ முன்பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, குதிப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். வெளித்தூரம் 7.315, மட்டந்தட்டினால் 7.30; உள்தூரம் 3.00, பேடின் நீளம் 2.15, மையம் 2.575. உட்பக்கமாக நீட்டுவதால் கைக்கு எந்த உதவியும் இல்லை, சிப்பின் வயிற்றுக்குக் கீழே செம்பு வீணாகப் போகும், அவ்வளவுதான்.

மட்டந்தட்டல் என்ற வழக்கமே ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆரம்பகால ஒளிவரைவிகளில், அதாவது பலகையின் படத்தை ஒளியால் ஃபிலிமில் வரைந்த இயந்திரங்களில், பேடின் வடிவம் ஒவ்வொன்றும் சுழலும் தட்டு ஒன்றில் பொருத்திய துளையாக இருந்தது. தட்டில் இடம் சில துளைகளுக்கே. ஒரு பலகையில் 1.95, 1.97, 1.98 என்று மூன்று நீளங்களை வைத்துக்கொள்வது அன்று கட்டுப்படியாகாது. பலகையைச் செய்பவருக்கு அனுப்பும் வரைபடக் கோப்பான கெர்பரின் விரிவாக்கிய வடிவம் துளைகளின் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுத வழிசெய்த பிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இன்று எஞ்சியிருக்கும் நியாயம் மனிதக் கண்ணுக்கானது. 6.90, 3.00, 0.60 என்று கண்டால் யாரோ கணக்குப் போட்டு வைத்தது என்று தெரியும். 1.9685 என்று கண்டால் எங்கோ மில்லிலிருந்து மாறி வந்தது என்ற சந்தேகம் உடனே எழும், அந்தச் சந்தேகம் பெரும்பாலும் வீண்போவதில்லை.

இதை ஒட்டித்தான் ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார்: “அண்ணே, 0.01 கிரிட்டே வச்சிட்டா எல்லாத்துக்கும் பொருந்தும்தானே?” மேலே கண்ட 0.635 போன்றவை போக, பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். ஆனால் 0.01 கிரிட்டில் சுட்டி ஒரு படி நழுவியதைக் கண் கண்டுபிடிக்காது. “பேடைச் சுட்டியால இழுத்து வைக்காதீங்க தம்பி, இலக்கத்தத் தட்டி வைங்க” என்றேன். பேட் பண்புகளின் சாளரத்தில் எண்ணை எழுதுபவருக்கு, அல்லது வரிசை அமைக்கும் கருவிக்கு 1.27 என்று கொடுத்து நான்கு பேடுகளையும் ஒரே தடவையில் உருவாக்குபவருக்கு, ஃபுட்பிரிண்ட் திருத்தியின் கிரிட் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. நான் அங்கே 0.1 வைத்திருக்கிறேன், பட்டுத்திரைக் கோடுகள் (பலகையின் மேல் அச்சாகும் குறிகள்) வரைவதற்காக மட்டும்.

ஃபுட்பிரிண்டுகளை நிரல் எழுதி உருவாக்குபவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. இரண்டு பேடுகள் மட்டும் உள்ள ஒரு தடையியில் மையங்கள் −0.475, +0.475 என்று வைத்துக்கொள்வோம். 0.05 ஆல் வகுத்தால் −9.5, +9.5. ஜாவாஸ்கிரிப்டின் மட்டந்தட்டும் சார்பு, பாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் நேர்த்திசையில் தள்ளுவதால் இவை −9, +10 ஆகின்றன, பேடுகள் −0.45 இலும் +0.50 இலும் போய் நிற்கும். முழுத் தடையியும் 0.025 தள்ளிப் பதியப்படும். பைத்தான் பாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவதால் இரு பக்கமும் சமச்சீராக இருக்கும், ஆனால் அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் ஒன்று கூடியும் மற்றது குறைந்தும் போகலாம். போதாததற்கு 0.05 என்ற எண்ணைக் கணினியின் இரும எண்முறையில் மிகச்சரியாக எழுத முடியாது, ஆகவே 9.5 என்று நாம் நினைப்பது உள்ளே 9.4999 ஆக இருக்கக்கூடும். மைக்ரோமீற்றரில் முழு எண்களாகக் கணக்கிட்டு, ஒரு பக்கத்துப் பேடை மட்டும் மட்டந்தட்டி, மறுபக்கத்தைக் குறியை மாற்றிப் பிரதி செய்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் ஒரேயடியாக ஒழிந்துவிடும்.

அகலத்துக்கு வருவோம், 0.05 என்ற பொது விதி இடறுவது இங்கேதான். 0.5 பிட்ச் எல்கியூஎஃப்பியில் காலின் அகலம் 0.17 முதல் 0.27 வரை. நெருங்கிய பிட்ச்சுக்குப் பக்கவாட்டு ஈயம் −0.02, அதாவது பேடைச் சற்றுக் குறுக்கச் சொல்கிறது தரநூல். கணக்கு 0.28 என்று வருகிறது. 0.05 க்கு மட்டந்தட்டினால் 0.30. பேடுகளுக்கு இடையே 0.20 மீதி. சோல்டர் மாஸ்க்கை, அதாவது ஈயம் ஒட்டாதபடி பலகையின் மேல் பூசும் பூச்சை, ஒவ்வொரு பக்கமும் 0.05 விலக்கினால் நடுவில் நிற்கும் மாஸ்க் கீற்று 0.10, 0.28 ஐ அப்படியே விட்டிருந்தால் 0.12. பச்சை மாஸ்க்குக்கு 0.1 வரை ஏற்கும் உற்பத்தியாளர்கள் பலர், ஆனால் எல்லையில் போய் நிற்கவேண்டிய அவசியம் என்ன? அந்தக் கீற்று உரிந்துபோனால், கையால் சோல்டர் செய்யும்போது ஈயம் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குத் தாராளமாகப் பாலம் போடும். மழைக்காலத்தில் பனிமூட்டம் தொழிற்சாலைக்குள்ளேயே வந்து நிற்கும் எங்கள் பக்கத்தில், கால்களுக்கு இடையில் தங்கும் ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பொருள்) எச்சமும் ஈரமும் சேர்ந்து உணரியின் மெல்லிய சைகையைக் கசியவிடும் என்பதும் என் கவலை. 0.5 உம் அதற்குக் கீழும் உள்ள பிட்ச்சுகளுக்கு அகலத்தை மட்டும் 0.01 க்கு மட்டந்தட்டுகிறேன், வெளித்தூரத்தையும் உள்தூரத்தையும் வழக்கம்போல் 0.05 க்கு விடுகிறேன். 0.4 பிட்ச்சில் கணக்கு கொடுக்கும் 0.24 ஐயே ஏற்க முடியாது; அங்கே முதலில் இடைவெளிக்கு 0.20 ஒதுக்கிவிட்டு, மீதி 0.20 ஐப் பேடுக்குக் கொடுப்பதே நடைமுறை.

மிகச்சிறிய தடையி, கொள்ளளவிகளுக்கும் 0.05 பெரிய அலகுதான். 0.6 க்கு 0.3 அளவுள்ள ஒரு பாகத்தில் 0.05 என்பது அதன் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. கையால் அவற்றைப் பதிப்பவன் அல்ல நான். ஆகவே அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை.

மூலைகளின் வளைவு தனிச் சங்கதி. கீகேட் நூலக வழக்கப்படி பேடின் குறுகிய பக்கத்தில் 25 வீதம் மூலை ஆரை, உச்சம் 0.25. எஸ்ஓஐசியின் 0.60 அகலத்துக்கு ஆரை 0.15. அகலம் 1.15 உள்ள பேடுக்கு 25 வீதம் 0.2875 என்று வருவதால் 0.25 இல் நிறுத்தவேண்டும். மென்பொருளோ ஆரையைச் சேமிக்காமல் விகிதத்தைச் சேமிக்கிறது, ஆதலால் கோப்பைத் திறந்து பார்த்தால் 0.217391 என்ற விசித்திர எண் கிடக்கும். அதைக் கண்டு 0.22 என்று “திருத்தி”விடாதீர்கள், அது 0.25 ஐ 1.15 ஆல் வகுத்த விடை. அதேபோல், பேடின் அகலத்தைப் பின்னர் மாற்றினால் விகிதம் அப்படியே நின்று ஆரை மாறிவிடும். ஆகவே அகலத்தைத் தொட்டவர் வளைவையும் ஒருமுறை பார்க்கவேண்டும். வளைத்த மூலையால் உண்டாகும் நன்மை ஈயப்பசை பூசப் பயன்படும் துளைத்தகடான ஸ்டென்சிலில்தான் அதிகம், பசை துளையிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும். ஈயக்கோலால் வேலை செய்பவருக்கு இது அழகு மட்டுமே.

பலகையின் மேல் பாகங்களை அடுக்கும் கிரிட் வேறு, ஃபுட்பிரிண்டுக்குள் உள்ள எண்கள் வேறு. அடுக்குவதற்கு நான் 0.5 வைக்கிறேன், நெருக்கமான மூலைகளில் 0.1 க்கு இறங்குகிறேன், செம்புத் தடங்களுக்கு 0.05. ஆனால் 2.54 பிட்ச் கொண்ட ஊசி வரிசைகளும் திருகு இணைப்பிகளும் இந்தக் கிரிட்டில் ஒருபோதும் முழுமையாக உட்காரா, 2.54 ஐ 0.05 ஆல் வகுத்தால் 50.8. பலகைத் துளையில் கால் நுழையும் துளைப் பாகங்களுக்கு மூலப்புள்ளியை முதல் காலில் வைக்கும் வழக்கம் இதனால்தான் பயனுள்ளது: முதல் கால் கிரிட்டில் நிற்கும், மற்றவற்றைத் தேடித் தடம் தானாகவே பேடின் மையத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதலை அணைத்து வைத்துவிட்டு, பேடின் வாசலில் தடம் கோணலாக ஒடிகிறதே என்று கிரிட்டை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேற்பரப்புப் பாகங்களுக்கு மூலப்புள்ளி உறையின் நடுவே இருக்கட்டும். பதிக்கும் இயந்திரத்துக்கு வேண்டியது அந்த நடுப்புள்ளிதான்.

கடைசியாகக் கோப்பு எழுதும் இடம். உள்ளே நானோமீற்றரில் சேமிக்கும் மென்பொருளில் 0.65 உம் சரியாக நிற்கும், ஒரு மில்லும் 25,400 நானோமீற்றராகச் சரியாக நிற்கும். ஆகவே அலகைத் திரையில் மாற்றிப் பார்ப்பதால் எதுவும் கெடாது. கெர்பர் எழுதும்போது அங்குலத்தில் மூன்று தசமதானம் என்று ஓர் பழைய அமைப்பைத் தேர்ந்துவிட்டால், ஒவ்வோர் இடமும் அருகிலுள்ள மில்லுக்குப் போய்விடும். 0.65 பிட்ச் வரிசை அப்போது 26, 25, 26, 25 மில் என்று நொண்டும். மில்லிமீற்றரில் ஆறு தசமதானம் தேர்ந்தால் ஒரு நானோமீற்றர் வரை காப்பாற்றப்படும். ஐந்து போதும் என்றாலும் ஆறுக்கு எந்தச் செலவும் இல்லை. துளைக் கோப்பையும் அதே அலகில் எழுதுங்கள். பிறகு அந்தக் கோப்புகளை வடிவமைத்த மென்பொருளில் பார்க்காமல் தனியான ஒரு கெர்பர் காட்டியில் திறந்து, நீளமான வரிசை ஒன்றைத் தெரிந்தெடுத்து, முதல் பேடின் மையத்திலிருந்து கடைசிப் பேடின் மையம் வரை அளந்து பாருங்கள். மாக்ஸ்31865 இருக்கும் பலகையில் அங்கே 5.85 வராவிட்டால் நான் கோப்பை அனுப்புவதில்லை.